சேரன் மட்டும் ஏன் சென்ட்ரலில்?

பல்லவனும் பாண்டியனும் சோழனும் ஒரே வாசல் வழியாகத்தான் ஊருக்குக் கிளம்புவார்கள். சேரன் மட்டும் வேறு வாசல். அவனுக்கு என்ன கோபம்?

1980-களில் எங்கள் ரயில் பொம்மைக் கூட்டத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் முதலில் இந்தக் கேள்வியைத்தான் போடுவோம். சரித்திரம் படித்தவன் என்றால் கல்வெட்டுக்குள் புகுந்து காணாமல் போவான். ரயில் பைத்தியம் என்றால் கொஞ்சம் மேலே பார்த்துவிட்டுச் சிரிப்பான். பல்லவன், பாண்டியன், சோழன் மூன்றும் எழும்பூரிலிருந்து புறப்படும் எக்ஸ்பிரஸ்கள். சேரன், சென்ட்ரலிலிருந்து கோயம்புத்தூர் போவது. எழும்பூரிலிருந்து தெற்கே போன பாதை மீட்டர் கேஜ். தண்டவாளத்துக்குத் தண்டவாளம் ஒரு மீட்டர். கோவைப் பாதை பிராட் கேஜ்; 1,676 மில்லிமீட்டர். சேரன் தலைகீழாக நின்றாலும் எழும்பூருக்குள் நுழைய முடியாது. விடை சொன்னவனுக்கு நாங்கள் டீ வாங்கித் தருவோம். சொல்லாதவன் எல்லோருக்கும் வாங்க வேண்டும்.

போன வருஷம் அண்ணன் பேரனிடம் இதைக் கேட்டேன். நன்றாகப் படிக்கிற பையன். "எழும்பூர்ல பிளாட்பாரம் காலி இருந்திருக்காது தாத்தா" என்றான். இன்றைய நிலவரப்படி அதுவும் நியாயமான பதில்தான். இரண்டு ஸ்டேஷனிலும் இப்போது ஒரே அகலம். என் விடையை விளக்குவதற்கு அவனுக்கு முதலில் மீட்டர் கேஜ் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் அவன் சாப்பிடப் போய்விட்டான்.

கூட்டம் என்றேன். பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அயனாவரத்தில் ஒரு பல் டாக்டர் வீட்டு மொட்டை மாடியில் தகரக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே சேருவோம். சங்கம், தலைவர், சந்தா எதுவும் கிடையாது. டாக்டர், ஐ.சி.எஃப்-பில் வெல்டராக இருந்த ஒருவர். பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்த இரண்டு பையன்கள். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தாவான நான். விழுப்புரம் ஷெட்டில் ஓய்வு பெற்று, மகன் வீட்டோடு வந்துவிட்ட ஒரு நீராவி எஞ்சின் டிரைவர். அவரை டிரைவரய்யா என்போம். அவர் எங்களை 'பொம்மைக்காரப் பசங்க' என்பார், டாக்டரையும் சேர்த்து.

வெளிநாட்டிலிருந்து வந்த அசல் செட் டாக்டரிடம் மட்டும்தான் இருந்தது. இங்கிலாந்தில் இருந்த மாமா கொண்டுவந்த ஹார்ன்பி. நாங்களெல்லாம் கையால் செய்தவர்கள். கல்யாணப் பத்திரிகை அட்டைதான் பெட்டியின் பக்கச் சுவர். அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் அட்டை கெட்டியாக இருக்கும், வெட்டினால் பிசிறடிக்காது. ஜன்னல் கண்ணாடிக்கு டாக்டரின் பழைய பல் எக்ஸ்ரே ஃபிலிம். சலவை சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டினால் கறுப்பு உரிந்து நல்ல தெளிவான தகடு வரும். யாரோ ஒருவருடைய கடைவாய்ப்பல் இருந்த இடம் முதல் வகுப்பு ஜன்னலாகிவிடும். பெரம்பூர் ஐ.சி.எஃப்-பில் அப்போது செய்த பிராட் கேஜ் பெட்டி 21 மீட்டரைச் சற்றுத் தாண்டும். எச்.ஓ. அளவில், அதாவது 87-இல் ஒரு பங்காக, அது இருபத்து நாலரை சென்டிமீட்டர். வெல்டர் வேலைக்குப் போகிற இடத்தில் அசலைத் தொட்டுவிட்டு, வந்து எங்கள் அட்டைப் பெட்டியைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். கூரையின் வளைவு சரியில்லையாம். மறு ஞாயிறு அதைப் பிரித்துத் திரும்ப ஒட்டுவோம்.

வேலை நடக்கும்போது கை சும்மா இருக்காது, வாய்தான் சும்மா இருக்கும். பசை காயும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்துக்காகத்தான் விடுகதை என்று நினைக்கிறேன்.

டாக்டர் போட்டது ஒன்று: "ஒரே தண்டவாளம். அதில் அண்ணனும் ஓடுவான், தம்பியும் ஓடுவான். அண்ணன் எந்த ஊர்?" விடை, இங்கிலாந்து. மாடல் ரயில்களில் எச்.ஓ. என்றும் ஓ.ஓ. என்றும் இரண்டு அளவுகள். முன்னது 87-இல் ஒரு பங்கு, பின்னது ஏறக்குறைய 76-இல் ஒரு பங்கு. இரண்டும் ஓடுவது 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில்தான். இங்கிலாந்து எஞ்சின்கள் நிஜத்திலேயே ஐரோப்பிய எஞ்சின்களைவிட ஒடுக்கமானவை. 1930-களின் மோட்டாரை அந்தச் சின்ன உடம்புக்குள் திணிக்க முடியவில்லை. உடம்பைப் பெரிதாக்கினார்கள், தண்டவாளத்தை மாற்றவில்லை. ஆகவே ஓ.ஓ. ரயிலின் பாதையைக் கணக்குப் போட்டு நிஜ அளவுக்குக் கொண்டுவந்தால், இருக்க வேண்டியதைவிட ஏழு அங்குலம் ஒடுங்கிப் போயிருக்கும். "வெள்ளைக்காரன் காலில் இறுக்கமான பூட்ஸ்" என்பார் டாக்டர். அவருடைய செட்டும் ஓ.ஓ.தான், அதையும் அவரே சொல்லிக்கொள்வார்.

இதைக் கேட்டதும் பாலிடெக்னிக் பையன்களில் சின்னவன் ஒரு எதிர்க்கேள்வி போட்டான். "அப்ப இந்தப் பதினாறரை மில்லிமீட்டர் நம்ம பிராட் கேஜுக்கு அச்சு அசலாப் பொருந்தணும்னா, ரயிலை எந்த அளவுல செய்யணும்?" போட்டவனுக்கே விடை தெரியாது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. ஒரு வாரம் போனது. அடுத்த ஞாயிறு படியேறும் சத்தத்திலேயே விடையோடு வருகிறான் என்று புரிந்துவிட்டது. பிராட் கேஜ் ஐந்தரை அடி. அடிக்கு மூன்று மில்லிமீட்டர் வைத்தால் பதினாறரை! ஒரு நூலிழை கூடாது, குறையாது. இதில் வேடிக்கை என்னவென்றால், அடிக்கு மூன்று மில்லிமீட்டர் என்ற அளவில் இங்கிலாந்தின் ட்ரை-ஆங் கம்பெனி 1957-இல் நிஜமாகவே ரயில் விட்டிருந்தது, வேறு அகலத் தண்டவாளத்தில். நாங்கள் அந்தக் கணக்கைக் கண்டுபிடித்துக் குதித்தபோது அந்த வரிசையை அவர்கள் நிறுத்திப் பல வருஷமாகியிருந்தது. டாக்டர் அன்றைக்கு எல்லோருக்கும் மசால்தோசை வாங்கித் தந்தார். விடுகதை வரலாற்றிலேயே பெரிய பரிசு அது.

ட்ரை-ஆங் சமாசாரம் எங்களுக்குத் தெரிந்தது மூர் மார்க்கெட்டால். சென்ட்ரலை ஒட்டி இருந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தின் பழைய புத்தகக் கடைகளில் 'ரயில்வே மாடலர்' முதலான இங்கிலாந்துப் பத்திரிகைகள் கிடைக்கும். எந்தத் துரை வீட்டிலிருந்து வந்தனவோ. வரிசையாகக் கிடைக்காது. ஒரு மார்ச், ஒரு நவம்பர், இன்னொரு வருஷத்து ஜூன். புதிர் போட்டுவிட்டு 'விடை அடுத்த இதழில்' என்றிருக்கும். அந்த அடுத்த இதழ் மெட்ராஸுக்கு வந்ததே இல்லை. நாங்களே உட்கார்ந்து விடுவிக்க வேண்டும். விடுவித்தது சரிதானா என்று சொல்லவும் ஆள் கிடையாது. 1985-இல் மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தது. புறநகர் ரயில்களுக்கான ஸ்டேஷன் அந்த இடத்தில்தான் எழுந்தது. பேரை மட்டும் வைத்திருக்கிறார்கள். ரயில் புத்தகம் விற்ற இடத்தில் ரயிலே வந்து நிற்கிறது. வருத்தப்படுவதா சந்தோஷப்படுவதா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

டாக்டரின் ஹார்ன்பி செட்டோடு எங்களுக்கு வந்த தலைவலியிலிருந்து பிறந்தது அடுத்த விடுகதை. "வண்டியே இல்லை. ஒயரில் பழுதில்லை. பாதையில் முறிவில்லை. சுவிட்சைப் போட்டால் ஃபியூஸ் போகிறது. ஏன்?"

கொட்டகையின் கடைசியில் வண்டி திரும்பி வருவதற்காக வளையம் போல ஒரு பாதை போட்டிருந்தோம். இரண்டு தண்டவாளத்தில் ஒன்று பாசிட்டிவ், மற்றது நெகட்டிவ். எஞ்சின் சக்கரம் வழியாக மின்சாரம் எடுத்துக்கொள்ளும். பாதை வளைந்து வந்து தன்னோடேயே சேரும் இடத்தில், இடது தண்டவாளம் வலது தண்டவாளத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. வேறென்ன, ஷார்ட் சர்க்யூட். வரைபடத்தில் பார்த்தால் சட்டென்று தெரியும். மாடியில் முட்டிபோட்டு இருட்டில் தேடுகிறவனுக்குத் தெரியாது.

மருந்து செய்தவர் வெல்டர். ஹாக்ஸா பிளேடை எடுத்து வளையத்தின் இரண்டு முனையிலும், இரண்டு தண்டவாளத்திலும் அறுத்தார். மொத்தம் நாலு வெட்டு. இடைவெளியில் அட்டைத் துணுக்கைச் செருகி அரால்டைட் வைத்து, காய்ந்ததும் தண்டவாளத்தின் உருவத்துக்கு அரத்தால் ராவினார். வளையத்துக்குத் தனி மின்சாரம். ரிச்சி தெருவில் வாங்கிய ஆறு முனை சுவிட்ச் ஒன்று. வண்டி வளையத்துக்குள் முழுசாக நுழைந்ததும் சுவிட்சைத் தள்ளினால் வெளிப்பாதையில் பாசிட்டிவும் நெகட்டிவும் இடம் மாறிக்கொள்ளும். வண்டி நிற்காமல் வெளியே வரும். அந்தச் சுவிட்சைத் தள்ளும் கண இடைவெளிக்காக நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம். கொஞ்சம் பிந்தினால் எஞ்சின் வெட்டு மேலேயே செத்து நிற்கும். முறை வைத்துத் தள்ளுவோம். டிரைவரய்யா முறை வந்தால் அவர் சுவிட்சைப் பார்க்கவே மாட்டார், சக்கரச் சத்தத்தைக் கேட்டே தள்ளுவார்.

இதற்கு ஒரு கிளைக் கேள்வியும் உண்டு. "இந்த வியாதி வராத ரயில் எது?" ஜெர்மனியின் மார்க்லின். அவர்களுக்கு நடுவில் மூன்றாவது மின்பாதை. இரண்டு தண்டவாளமும் ஒரே துருவம். எப்படி வளைத்தாலும் கவலையில்லை. எங்களில் யாரும் மார்க்லினைத் தொட்டதில்லை, ஆனாலும் விடை எல்லோருக்கும் தெரியும்.

டிரைவரய்யாவின் சரக்கு வேறு மாதிரி. அவர் பத்திரிகை படித்தவர் இல்லை. ஒருநாள் கேட்டார்: "வண்டி முன்னால போவுது. நூறு கிலோமீட்டர் வேகம்னு வெச்சிக்க. அதுல ஒரு பாகம் மட்டும் எப்பவும் பின்னால போவுது. எதுடா அது?" புகை என்றான் ஒருவன். புகை வண்டியின் பாகமில்லை என்று தள்ளிவிட்டார். நிழல், காற்று, கார்டு கொடி எல்லாம் வந்து போயின. டாக்டர் தைரியமாக "கக்கூஸ் தண்ணி" என்றார்.

கடைசியில் டிரைவரய்யா, கீழே போய் டாக்டர் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து மரத்தாலான காலி நூல்கண்டு ஒன்றை எடுத்து வரச் சொன்னார். அதன் விளிம்பில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். மேஜை ஓரத்தில் அடி ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்தி, நூல்கண்டின் ஒல்லியான நடுப்பாகம் ஸ்கேல் மேல் உருளும்படி, அகலமான விளிம்பு ஸ்கேலுக்குக் கீழே தொங்கும்படி வைத்து மெல்ல உருட்டினார். புள்ளி கீழே வரும்போது, ஸ்கேலின் மேல்விளிம்பைத் தாண்டி இறங்கியதும், நூல்கண்டு முன்னே போக அது ஒரு சின்னக் கொக்கி போட்டுப் பின்னே நகர்ந்தது. பிறகு மேலேறி முன்னே ஓடியது. ரயில் சக்கரத்தின் உள்பக்கம் தண்டவாளத்தைவிடத் தாழ்வாக இறங்கும் விளிம்பு உண்டல்லவா, அதன் அடிமுனைதான் விடை. தண்டவாளத்தைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் பின்னே போகிறது. டாக்டர் நூல்கண்டை வாங்கித் திரும்பத் திரும்ப உருட்டிக்கொண்டிருந்தார். அன்று வேறு வேலை நடக்கவில்லை.

இன்னொன்றும் டிரைவரய்யாவுடையது, பாட்டு மாதிரியே சொல்வார்: "பெரிய தேசத்துல சின்னப் பாதை, சின்ன தேசத்துல பெரிய பாதை, நடுவுல தண்ணி, ஒரே டிக்கெட்டு." போட் மெயில். எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை மீட்டர் கேஜ். அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். அப்புறம் கொழும்பு வரை இலங்கையின் பிராட் கேஜ், நம் சென்ட்ரல் வண்டிகளின் அதே அகலம். இளவயதில் அவர் அந்த வண்டிக்குக் கரி தள்ளியவர். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனதையும், பாம்பன் பாஸஞ்சர் அலையில் போனதையும் பற்றி யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார். விடுகதையை மட்டும் சொல்வார்.

ஊட்டி ரயிலைப் பற்றியும் கேட்பார். மலை ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் இருக்கும். எஞ்சின் எங்கே திரும்பிற்று? எங்கேயும் திரும்பவில்லை. குன்னூருக்குக் கீழே பல்சக்கரப் பாதையில் எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே இருக்கும். பன்னிரண்டு அடி போனால் ஓரடி ஏறும் செங்குத்து. பெட்டி கழன்றாலும் எஞ்சின் மேலேயே சாயட்டும் என்ற ஏற்பாடு. விவரம் தெரிந்தவர்களுக்கு இது லேசு. இதில் டீ கிடைக்காது.

ஷண்டிங் விளையாட்டைச் சொல்லாமல் விட்டால் வெல்டர் கோபித்துக்கொள்வார். ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் அமைத்த 'இங்கல்நுக் சைடிங்ஸ்' என்ற புதிர் மூர் மார்க்கெட் இதழ் ஒன்றில் கிடைத்தது. மூன்று பக்கப் பாதைகள்: ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. எஞ்சின் நிற்கும் முனையில் எஞ்சினும் மூன்று வேகனும் மட்டுமே அடங்கும். எட்டு வேகன். சீட்டுக் குலுக்கி ஐந்தை எடுத்து, வந்த வரிசையிலேயே நீளப் பாதையில் கோக்க வேண்டும். எங்களிடம் எட்டு வேகன் ஏது? தரையில் சாக்பீஸ் கோடு, எட்டுத் தீப்பெட்டி. வரிசைகள் 6,720 வரும். எட்டு, ஏழு, ஆறு, ஐந்து, நான்கு, பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான். எந்த வரிசை வந்தாலும் வழி உண்டு என்பதுதான் அதன் அழகு, எத்தனை நகர்த்தலில் என்பதுதான் போட்டி. டிரைவரய்யா முதலில் கேலி செய்தார். "மூணு வண்டிக்கு மேல இழுக்காதுன்னா அது எஞ்சினா, எருமையா?" பிறகு உட்கார்ந்தார். அவரை யாரும் ஜெயித்ததில்லை. விழுப்புரம் யார்டில் மழையில் நின்று கற்ற வித்தை தீப்பெட்டியிலும் செல்லுபடியானது.

விடை சரிபார்ப்பதற்கு ஆளைத்தான் தேடிப் போக வேண்டும். யாரையும் கேட்காமல், போனில் பேசாமல், வண்டி முழுசாக வந்து சேர்ந்துவிட்டது, நடுவில் பெட்டி எதுவும் கழன்று நின்றுவிடவில்லை என்று ஸ்டேஷனில் எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? சின்னவன் இதற்காகவே பெரம்பூர் பிளாட்பாரத்தில் ஒரு மாலை முழுக்க நின்றான். கடைசிப் பெட்டியின் முதுகில் பெருக்கல் குறி, கூடவே 'எல்.வி.' பலகை, ராத்திரியில் சிவப்பு விளக்கு. அது இல்லாமல் வண்டி வந்தால் வண்டி முடியவில்லை என்று அர்த்தம். அங்கே நின்றிருந்த கார்டு ஒருவர் அவனுக்குக் கொடியை மடிக்கும் விதத்தையும் காட்டிக்கொடுத்தாராம். கேட்கப் போனது ஒன்று, கொண்டுவந்தது இரண்டு.

நாட்டிலேயே நீளமான பேர் கொண்ட ஸ்டேஷன் எது என்பதற்கு அரக்கோணம், ரேணிகுண்டா பாதையில் வரும் வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை. குட்டியானது ஒடிசாவின் ஈப். இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான கேள்வி என்று நாங்கள் மதிப்பதில்லை. 2019-இல் சென்ட்ரலுக்குப் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் பேரை வைத்தபோது அதுவும் ஆட்டம் கண்டது. கூப்பிடுகிறவர்களுக்கு அது இன்னமும் சென்ட்ரல்தான்.

1992-இல் நாட்டில் எல்லாப் பாதைகளையும் ஒரே அகலமாக்கும் யூனிகேஜ் திட்டம் தொடங்கியது. நல்ல திட்டம், சரக்கை ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி ஏற்றிய கூலிக்காரனின் முதுகைக் கேட்டால் சொல்லும். அதை எதிர்த்து எனக்கு ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் தண்டவாளம் அகலமாக அகலமாக எங்கள் விடுகதைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கடற்கரை, தாம்பரம் மீட்டர் கேஜ் மின்ரயில் 2004-இல் நின்றது. மீட்டர் கேஜில் மின்சார எஞ்சின் ஓடிய ஒரே இந்தியப் பாதை எது என்று கேட்போமே, அது அதோடு முடிந்தது. பாம்பன் பாலத்தின் மேல் 2007-இல் பிராட் கேஜ் வந்தது. டிரைவரய்யா அதையெல்லாம் பார்க்கவில்லை, அதற்கு முன்பே போய்விட்டார். வெல்டர் ஊரோடு போனார். டாக்டர் கிளினிக்கை விற்றுவிட்டு மகளோடு கோவையில் இருக்கிறார். அந்த மொட்டை மாடி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி.

சின்னவன் மெல்போர்னில் பெரிய லேஅவுட் வைத்திருக்கிறான். வீடியோ அனுப்புவான். அவனிடமும் திரும்பும் வளையம் இருக்கிறது. விரல் நுனி அளவு சர்க்யூட் ஒன்று ஷார்ட் ஆவதை மோப்பம் பிடித்துக் கண்ணிமைப்பதற்குள் துருவத்தை மாற்றிவிடுகிறது. எஞ்சின் தடங்காமல் போகிறது. சுவிட்ச் தள்ள யாரும் தேவையில்லை. "பார்த்தீங்களா சார், ஃபியூஸே போகாது" என்று எழுதியிருந்தான். பார்த்தேன். அழகாகத்தான் ஓடியது.

எனக்கு வேண்டியிருப்பது அந்த ரயில்கள்கூட இல்லை என்று சில சமயம் தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் நடுவில் ஆபீஸில் பாலிசி ஃபைலைப் புரட்டிக்கொண்டே 'எப்போதும் பின்னால் போகும் பாகம் எது' என்று மனதுக்குள் சக்கரத்தை உருட்டிக்கொண்டிருந்த அந்தச் செவ்வாய், புதன்கள். பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரர் டிக்கெட்டை நீட்டச் சொல்லும்வரை ஊட்டி மலையில் இருந்தது.

இப்போது ஓய்வுக் காலத்தில் மறுபடி ஆரம்பித்திருக்கிறேன், பழைய எழும்பூரை. இதில் ஒரு வினோதம். நிஜத்தில் மீட்டர் கேஜ் போய்விட்டது. பொம்மையில் அதுதான் சுலபமாகக் கிடைக்கிறது. சுவிட்சர்லாந்தின் மலை ரயில்கள் மீட்டர் கேஜ்தான், அவற்றுக்காக 12 மில்லிமீட்டர் தண்டவாளம் செய்து விற்கிறார்கள். நானும் அதைத்தான் வாங்கிப் போட்டிருக்கிறேன். டாக்டரிடம் போனில் பெருமையாகச் சொன்னேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை, கணக்குப் போடுகிறார்.

"87-ஆல பெருக்குங்க. 1,044 வருது. 44 மில்லிமீட்டர் அகலக் கூடுதல். இது மீட்டர் கேஜா?" என்றார்.

எண்பது வயதைத் தாண்டியவர். 83-இல் ஒரு பங்காகச் செய்தால் ஏறக்குறைய சரியாக வரும் என்பது அவர் கட்சி. அந்த அளவில் பிளாட்பாரத்தில் நிறுத்த ஒரு பொம்மைப் பயணிகூடக் கடையில் கிடைக்க மாட்டான், போர்ட்டர் முதல் டிக்கெட் பரிசோதகர் வரை நானே செதுக்க வேண்டும் என்பது என் கட்சி. "செதுக்குங்க, உங்களுக்கு வேற என்ன வேலை?" என்கிறார். ஒருவாரம் யோசித்துப் பதில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.